மாற்றிச் சொன்ன நாள்

திருநகர்,
கிளிநொச்சி.
03.08.2019

சுமித்திரா,

நீ ஜெயபுரம் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ்ஸில் சத்தி எடுத்தாயா, யார் யார் பார்க்க வந்தார்கள் என்பதெல்லாம் எழுத வேண்டாம். நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது.

நான் கொன்வென்ற் விடுதியில் இருந்த காலத்தில், விடுமுறைக்கு வீடு போகும் பிள்ளைகள் கிழமைக்கொரு கடிதம் சிஸ்டருக்கு எழுத வேண்டும். என் வீட்டில் தங்கிப் படிக்கிறவளுக்கும் அதே ஒழுங்குதான். ஒவ்வொரு முறையும் என் கடிதத்தையும் உன் பதிலோடு சேர்த்து மடித்து அனுப்பு. கேட்டதற்குத்தான் பதில் எழுதினாயா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொலைபேசி வேண்டாம். உன் அம்மா அதில் கதைப்பது, குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

இனி அந்த விடயம். நீ பெரியபிள்ளையானது என் வீட்டில் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அது அப்படியே இருக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் அதை வெளியே விட்டிருந்தால், வீடு துடக்கென்று ஐயர் படலையிலேயே திரும்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் திவசம். அதற்கென்று என் மகள் பிரியந்தினி லண்டனிலிருந்து வந்து நின்றாள். யாழ்ப்பாணத்து உறவுக்காரர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. உன் உடம்பு நாள் பார்க்காமல் செய்த காரியத்துக்காக அவர்கள் முன்னால் நான் கைபிசைந்து நிற்க முடியாது.

ஆகவே இப்போது, உன் வீட்டில், முதன்முதலாக நடந்ததாக அம்மாவிடம் சொல்லு. இதில் பொய் ஒன்றும் இல்லை. நடந்தது நடந்ததுதான், நாளை மட்டும் மாற்றிச் சொல்கிறாய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல்லிவிடு. தள்ளிப் போட்டால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

பள்ளிக்கூடம் செப்ரெம்பர் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. முதல்நாள் மத்தியானத்துக்குள் இங்கே நிற்க வேண்டும். வரும்போது கத்தரிக்காய் கொண்டு வா. போன முறை கொண்டு வந்ததில் பாதி புழு.

திருமதி நாகேஸ்வரி கனகலிங்கம்


ஜெயபுரம்
11.08.2019

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. கிடைத்த அன்றே சொல்லு என்று எழுதியிருந்தபடியால் அன்றே சொன்னேன். அம்மா கச்சான் கடலைத் தோட்டத்திலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. மூன்று மணி தாண்டியிருக்கும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவி அழுதா. சந்தோசத்தில்தான்.

எங்கள் ஆட்களில் தாய்மாமன்தான் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். சுடலைமுத்து மாமா, அம்மாவின் தம்பி, அன்று பொழுதுபடமுன்பே வீட்டுக்குப் பின்னால் கட்டி முடித்துவிட்டார். வழமையாகக் குடிசைக்கு ஜன்னல் வைப்பதில்லை. மாமா ஓலையைக் கிழித்து ஒன்று வைத்தார். "எம் மருமக தலைவியாகப் போறவ, வெளிச்சம் இல்லாம எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இப்போது அந்த ஜன்னலடியில் இருந்துதான் எழுதுகிறேன்.

காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தருகிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். உங்கள் வீட்டில் வயிற்றுவலிக்கு நீங்கள் தந்த இரண்டு பனடோல் ஞாபகம் வரும். இவர்கள் இவ்வளவு ஆசையாகச் செய்கிறார்கள் ரீச்சர். மாமா முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கு. ஆவணி பிறந்ததும் தண்ணி ஊற்றிச் சடங்கு செய்வதாம். அதற்கு நாள் பார்க்கச் சாத்திரியாரிடம் போகிறார்கள்.

தங்கச்சி கௌசலா, பள்ளிக்கூடம் திறக்கப் போகுதே என்று இப்போதே வயிற்றுக்குத்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள். எனக்கு எப்போது திறக்கும் என்று இருக்கிறது. புத்தகங்களுக்கெல்லாம் உறை போட்டுவிட்டேன். குண்டுகள் வெடித்த பிறகு பள்ளிக்கூட வாசலில் பையைத் திறந்து காட்ட வெயிலில் வரிசையில் நிற்போமே, அதைக்கூட நினைத்துப் பார்க்கிறேன். முதல் நாள் காலைப் பிரார்த்தனையில் எனக்கு மாணவத் தலைவிச் சின்னம் குத்துவதாக அதிபர் சொன்னது உங்களுக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டுதான் நித்திரை கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
சு. சுமித்திரா


திருநகர்
15.08.2019

சுமித்திரா,

உன் கடிதத்தைத் திருத்தி இதோடு அனுப்புகிறேன், பார்த்துவிட்டு அதையும் திருப்பி அனுப்பு. அம்மா 'அழுதா', 'இருந்தா' என்று எழுதாதே. 'அழுதார்', 'இருந்தார்'. கதைக்கிறபடி எழுதுவதென்றால் பள்ளிக்கூடம் எதற்கு.

செவ்வாய்க்கிழமை, மூன்று மணி தாண்டி. அது இராகு காலம் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு இந்த நம்பிக்கைகள் கிடையாது. ஆனால் நம்புகிறவர்கள் நடுவில் வாழ்கிறவள் கலண்டரைப் பார்த்துவிட்டு வாய் திறந்திருக்க வேண்டும். 'கிடைத்த அன்றே' என்று நான் எழுதினால், புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு என்று அர்த்தம் இல்லை.

உன் மாமா ஜன்னல் வைத்த கதையும் முட்டைக் கதையும் நான் கேட்காதவை. பனடோலைப் பற்றி எழுதிய வரியைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வடைக்கு உழுந்து அரைத்தாய், பாயசம் காய்ச்சினாய், முப்பது பேருக்கு இலை போட்டாய். ஒருவரும் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நான் உனக்குச் செய்த நன்மை. உன் வீட்டில் உன்னை ஓலைக்குள் வைத்து ஊர் பார்க்கிறது.

சின்னத்தைப் பற்றி அதிகம் நினைக்காதே. பாதிப் பிள்ளைகள் அதைச் சட்டையில் குத்திக்கொண்ட நாளிலிருந்து படிப்பை விட்டுவிடுகிறார்கள்.

நாகேஸ்வரி கனகலிங்கம்


ஜெயபுரம்
19.08.2019

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

நீங்கள் கேட்காதவற்றை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு எழுத வேறு ஆள் இல்லை.

சாத்திரியார் நான் சொன்ன நாளையும் நேரத்தையும் வைத்துக் கணித்தார். செவ்வாய், இராகு காலம், தாய்மாமனின் உயிருக்கு ஆகாது என்றார். மாமா சிரித்தார். "செவ்வாக்கெழம என்னையத் தூக்கிட்டுப் போகணும்னா டிரக்டரையும் சேத்துத்தான் தூக்கணும்" என்று சாத்திரியாருக்கு முன்னாலேயே சொன்னார். வெள்ளிக்கிழமை, சடங்குக்கு வாழை வெட்டி ஏற்றிக்கொண்டு வரும்போது அக்கராயன் பக்கம் வாய்க்கால் கரை இடிந்து டிரக்டர் சரிந்துவிட்டது. மாமாவுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி நடப்பாரா என்று சொல்ல ஏலாதாம்.

சடங்கு இல்லை. மாமி வந்து குடிசையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டார். என் முகத்தை மாமா பார்க்கக் கூடாதாம். சாத்திரியாரிடம் மறுபடி போனார்கள். இந்தப் பிள்ளை வீட்டுப் படி தாண்டிப் படிக்கப் போனால் இன்னும் கெடுதல் வரும், வீட்டோடு வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா பளையில் தென்னந்தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் புத்தகப்பையை எடுத்துக் கூரை வளையில் தூக்கிவிட்டார்.

ரீச்சர், அது செவ்வாய்க்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை காலை. வெள்ளி என்றால் வீட்டுக்கு லெட்சுமி என்று அதே சாத்திரியார்தான் போன வருடம் எங்கள் அயலில் ஒரு பிள்ளைக்குச் சொன்னார். நீங்கள் அம்மாவுக்கு ஒரு வரி எழுதினால் போதும். சுமித்திரா பெரியபிள்ளையானது இன்ன நாள், என் வீட்டில், என்று. அவர்கள் திரும்பக் கணிப்பார்கள். நான் பள்ளிக்கூடம் வருவேன்.

எழுதுவீர்களா ரீச்சர்? திறப்பதற்கு முன் எழுதுங்கள்.

சுமித்திரா


திருநகர்
23.08.2019

சுமித்திரா,

இந்த முறை எழுத்துப் பிழை குறைவு. துன்பம் வந்தால் சிலருக்கு எழுத்துத் திருந்துகிறது.

உன் மாமா விழுந்தது, ஈரக் கரையில் பாரம் ஏற்றிய டிரக்டர் ஓட்டத் தெரியாதபடியால். என் கணவர் இரணைமடுக் குளத்தில் பொறியியலாளராக இருந்தவர். வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டாதே என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினவர். கிரகங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இதை உன் வீட்டாருக்கு விளங்கப்படுத்துவது உன் வேலை. ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம் படித்தவள் நீ.

நான் எழுத மாட்டேன். ஏன் என்று கேட்கும் உரிமை உனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் எழுதும் அந்த ஒரு வரி ஜெயபுரத்தில் நிற்காது. உன் மாமி சந்தையில் சொல்வாள், சந்தையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகும். கனகலிங்கத்தாரின் திவசத்துக்குத் துடக்குக்காரி சமைத்தாள், தெரிந்துகொண்டே நாகேஸ்வரி பரிமாறினாள் என்று என் மைத்துனிமார் செத்தவீடுகளில் இருந்து கதைப்பார்கள். உன் வீட்டார் முட்டாள்கள் என்பதற்காக நான் பொய்க்காரியாக முடியாது.

நீ இப்போது மாற்றிச் சொன்னால் யாராவது நம்புவார்கள் என்று நினைக்கிறாயா? அம்மாவுக்கும் சாத்திரியாருக்கும் செவ்வாய்க்கிழமை என்று சொன்னது நான் அல்ல.

இன்னொன்று. பிரியந்தினி லண்டன் போன பிறகு அவளுடைய கல்லுத்தோட்டில் ஒன்றைக் காணவில்லை. அவள் இருந்த அறையைக் கூட்டித் துடைத்தது நீ. நான் இன்னும் ஒருவரிடமும் இதைக் கதைக்கவில்லை. கதைக்கும்படி வைத்துவிடாதே.

சின்னத்தை இன்னொரு பிள்ளைக்குக் குத்துவார்கள். பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை. எனக்கும் குசினியில் சமைக்க ஆள் வேண்டும். முதலாம் திகதி மத்தியானம் வரை பார்ப்பேன். இந்தக் கடிதத்தை உன் பதில்வரை வைத்திருக்காதே, வாசித்த கையோடு தபாலில் திருப்பி அனுப்பு.

நாகேஸ்வரி கனகலிங்கம்


ஜெயபுரம்
27.08.2019

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

தோட்டை நான் எடுக்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பனடோல், உழுந்து அரைத்தது, நீங்கள் நாள் மாற்றிச் சொல்லச் சொன்னது, எல்லாம். அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையாலேயே அடித்தார். ஒரு அடி இல்லை. பிறகு தானும் நிலத்தில் இருந்து அழுதார்.

"டீச்சரம்மா படிச்சவங்க. சாமி காரியத்துல அப்படிச் செய்வாங்களா? மாமன் உசிருக்குக் கெடக்கிற நேரத்துல, பள்ளிக்கூடம் போகணும்னு பெரியவங்க மேலே பழி போடுறியா?"

நான் சொன்னதில் அம்மாவால் நம்ப முடியாமல் போனது ஒன்றுதான். நீங்கள் பொய் சொல்லுவீர்கள் என்பது. கடிதம் எங்கே, காட்டு என்று கேட்டார். கடைசியாக வந்ததையும் நீங்கள் சொன்னபடி வாசித்த கையோடு அனுப்பியிருந்தேன், கடிதங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன.

ஆனாலும் அம்மா வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்த்துவிட்டு வரும் வழியில் கிளிநொச்சியில் இறங்கி உங்களிடம் வருவார். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். என்னை நம்பி இல்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார். வரட்டும். எதற்கு வந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். திவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டால் சாகும்வரை சொல்ல மாட்டார். அம்மா கேட்கும்போது ஓம் என்று ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்து எல்லா வேலையும் செய்வேன். விடிய எழும்பி முற்றம் கூட்டுவேன். சனி, ஞாயிறும் வீட்டுக்குப் போகக் கேட்க மாட்டேன். சின்னம் வேறு பிள்ளைக்குக் குத்தினாலும் பரவாயில்லை. கடைசி வாங்கில் இருந்தால்கூடப் போதும். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம் என்றால் அழுகை வருகிறது, அவளைப் போ போ என்கிறார்கள். நான் போகிறேன் என்று அழுகிறேன், படியைத் தாண்டாதே என்கிறார்கள்.

சுமித்திரா


திருநகர்
30.08.2019

அன்பான சுமித்திரா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. திருப்பி அனுப்ப வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.

உன் அம்மா சிவலட்சுமி நேற்று வந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை, குசினி வாசலில் நிலத்தில்தான் இருந்தார். பாவம், ஆஸ்பத்திரியில் நின்ற களை. தேநீர் கொடுத்தேன். நீ சொன்னதையெல்லாம் ஒன்றும் மறைக்காமல் சொல்லி, என் மனம் நொந்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கைகூப்பினார்.

நான் உன் மேல் கோபிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் கிட்டக் கிட்டப் பிள்ளைகள் கதை கட்டுவார்கள். எத்தனையோ வருடம் படிப்பித்தவள் நான், எனக்குத் தெரியாததல்ல. அநேகம் பேர் போகாமல் இருக்கக் கட்டுவார்கள். நீ போக வேண்டும் என்று கட்டினாய். நல்ல பிள்ளைதான். உன்னிடம் உள்ள குறை அவசரம் மட்டும். நீ இங்கே இருந்தபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் முதலில் அம்மாவுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். அது எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த முறை.

சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பெற்றவர்கள் ஒன்றைத் தீர்மானித்த பிறகு அதில் தலையிடும் வழக்கமும் எனக்கு இல்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நின்றதற்காக வீட்டில் எல்லோருடைய படிப்பும் நிற்கத் தேவையில்லை என்று மட்டும் சொன்னேன். கௌசலாவுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அதிபர் என் பழைய மாணவி. நான் ஒரு சொல் சொன்னால் இந்தத் தவணையே சேர்ப்பார், உன்னைப்போல என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும். அம்மா என் காலில் விழப் பார்த்தார், விடவில்லை.

உனக்கென்று நான் தைப்பித்த வெள்ளைச் சட்டைகளை வீணாக்க வேண்டாம். கரையை மடித்துத் தைத்தால் தங்கச்சிக்கு அளவாக வரும். நீ நன்றாகத் தைப்பாய், நீயே செய்துவிடு. கழுத்தில் கட்டும் ரையையும் மறக்காமல் கொடுத்து விடு.

பிரியந்தினியின் தோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பொறுமையாக இருந்தால் எல்லாம் கிடைக்கும், பார்த்தாயா.

அன்புடன்,
நாகேஸ்வரி கனகலிங்கம்


ஜெயபுரம்
02.09.2019

ரீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். நல்ல பிள்ளை என்ற இடத்தை அம்மா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னா. பிறகு அதை வாங்கிச் சாமித்தட்டில், முருகன் படத்துக்குக் கீழே வைத்தா. ஆகையால் திருப்பி அனுப்ப ஏலாது. காலையில் விளக்குக் கொளுத்தும்போது உங்கள் கையெழுத்தையும் சேர்த்துத்தான் கும்பிடுறா.

சட்டைகளை நான்தான் மடித்துத் தைத்தேன். தங்கச்சியை முன்னால் நிறுத்தி ஊசி குத்தி அளவு பார்க்கும்போது அவள் அழுதபடியே நின்றாள். எனக்குப் பயமாக இருக்கு அக்கா, நீ போ என்றாள். அசையாமல் நில், கரை கோணும் என்றேன். என்னுடைய விஞ்ஞானப் புத்தகத்தின் உறையைக் கழற்றி அவளுடைய கணிதப் புத்தகத்துக்குப் போட்டேன். நேற்று அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நான் படியோடு நின்றேன். படி தாண்டக் கூடாது.

இன்று காலை எட்டுமணியளவில் மாட்டுக்கு வைக்கோல் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பிரார்த்தனை முடிந்திருக்கும், இப்போது சின்னம் குத்துகிறார்கள், இப்போது வகுப்புக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. யாருக்குக் குத்தினார்கள் என்று எழுத வேண்டாம். நானும் கேட்கவில்லை.

மாமா ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு செய்தி சொல்லிவிட்டிருந்தார். ஜன்னல் வைத்ததுதான் பிழையாம், அதுக்குள்ளால்தான் கண்ணூறு வந்ததாம், மருமகளை ஏச வேண்டாமாம். மாமி அதைச் சொல்லிவிட்டு என் முன்னாலேயே துப்பினா.

நீங்கள் திருத்திய கடிதங்களைப் படித்துத்தான் நான் எழுதப் பழகினேன். அதற்கு நன்றி. நாள் மாற்றிச் சொல்வது பொய் இல்லை என்பதையும் உங்களிடம்தான் படித்தேன்.

தங்கச்சிக்கு எல்லா வேலையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முற்றம் எப்படிக் கூட்டுவது, உங்கள் தேநீருக்குச் சீனி எவ்வளவு, எந்த அலுமாரியைத் தொடக் கூடாது, எல்லாம். ஐயாவின் திவசம் ஆடித் தேய்பிறைப் பஞ்சமி என்றும் சொல்லியிருக்கிறேன். மறக்க மாட்டாள், அவளுக்குப் பாடமாக்கினால் நிற்கும்.

அடுத்த வருடம் அன்றைக்கு உங்கள் வீட்டில் உழுந்து அவள்தான் அரைப்பாள். ஐயர் வந்து இருந்து, யாழ்ப்பாணத்து ஆட்களும் இருந்து, இலையும் போட்ட பிறகு, கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வருவாள். தான் பெரியபிள்ளையாகிவிட்டதாகச் சொல்லுவாள். நடந்திருந்தாலும் சொல்லுவாள், நடக்காவிட்டாலும் சொல்லுவாள். அக்காவுக்கும் போன வருடம் இதே வீட்டில், திவசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுவாள்.

அவள் சின்னப்பிள்ளை. அவள் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள்.

சுமித்திரா